ரவுட்டர் பக்கத்தில் சிவப்பு எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது? கேள்வி பதில்

கேள்வி: வைஃபை பாஸ்வேர்டை மாற்றலாம் என்று பிரவுசரில் ரவுட்டரின் முகவரியான 192.168.1.1 அடித்தேன். இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று திரை முழுக்க எச்சரிக்கை. கீழே 'சர்ட் அத்தாரிட்டி இன்வேலிட்' என்று இருக்கிறது. யாராவது உள்ளே நுழைந்துவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை, பதறாதீர்கள். வங்கித் தளத்துக்குப் போகும்போது, பிரவுசர் நம்பும் ஒரு நிறுவனம், 'இது உண்மையான தளம்தான்' என்று அந்தத் தளத்துக்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழ் கொடுத்திருக்கும். 192.168 என்று தொடங்கும் முகவரியோ பல வீடுகளில் இருக்கிறது. இன்னாருக்குச் சொந்தம் என்று சொல்லவே முடியாது. அதனால் அதற்குப் பொதுச் சான்றிதழ் கிடையாது. முன்பு கொடுத்தவற்றைக்கூட 2016 அக்டோபருக்குள் ரத்து செய்துவிட வேண்டும் என்று விதி வந்தது. வேறு வழியின்றி ரவுட்டர் தன் சான்றிதழில் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்கிறது. அந்தக் கையெழுத்தைப் பிரவுசருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக்' கட்டளை கொடுங்கள். 'டீஃபால்ட் கேட்வே' என்ற வரியில் வரும் எண்ணும் (அதுதான் உங்கள் ரவுட்டரின் முகவரி) நீங்கள் அடித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு, ரவுட்டரின் லேன் துளையிலிருந்து கேபிளை நேராகக் கணினியில் செருகுங்கள். நடுவில் வேறு யாரும் இல்லை என்பது இப்போது உறுதி. இனி 'அட்வான்ஸ்டு' அழுத்தி உள்ளே போகலாம். போனதும் சான்றிதழ் விவரத்தைத் திறந்து, எஸ்எச்ஏ-256 கைரேகையின் (அந்தச் சான்றிதழை அடையாளம் காட்டும் நீண்ட எழுத்து வரிசை) முதல் எட்டு, கடைசி எட்டு எழுத்துகளைக் குறித்துவையுங்கள். பின்னொரு நாள் வைஃபையில் அதே எச்சரிக்கை வந்தால், ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

கேள்வி: எனக்கு உள்ளே போகும் பொத்தானே வரவில்லை. ரவுட்டர் அட்டையில் அச்சிட்டிருந்த பெயரைத்தான் அடித்தேன்.

பதில்: அந்தப் பெயரைப் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திறக்க வேண்டும் என்று பிரவுசர் நினைவில் வைத்திருக்கும். இந்த ஏற்பாட்டை எச்எஸ்டிஎஸ் என்பார்கள். அது பெயர்களுக்குத்தான் செல்லும், ஐபி எண்ணுக்குச் செல்லாது. எனவே எண்ணை அடித்துப் போங்கள்.

கேள்வி: பத்து வருடப் பழைய ரவுட்டர். 'வெர்ஷன் ஆர் சைஃபர் மிஸ்மேட்ச்' என்கிறது. பழைய பிரவுசர் ஒன்றை நிறுவிப் பார்க்கட்டுமா?

பதில்: வேண்டாம் நண்பரே. இணைப்பைப் பாதுகாக்கும் குறியாக்க முறைதான் டிஎல்எஸ். உங்கள் ரவுட்டருக்கு அதன் பழைய பதிப்புகளான 1.0, 1.1 மட்டுமே தெரிந்திருக்கும். 2020-இல் முக்கியப் பிரவுசர்கள் அவற்றைக் கைவிடத் தொடங்கின. 2021 மார்ச்சில் இணையத் தர அமைப்பே அவை இனி கூடாது என்று அறிவித்துவிட்டது. கேபிளில் இணைத்து, முகவரியின் முன்னால் 'எஸ்' இல்லாத எச்டிடிபியைக் கையால் அடித்துப் பாருங்கள். பல பழைய ரவுட்டர்கள் அதில் திறக்கும். உள்ளே போனதும் முதல் வேலை ஃபார்ம்வேர், அதாவது ரவுட்டருக்குள் இயங்கும் மென்பொருளின் புதுப்பிப்பு. தயாரித்தவர்கள் புதுப்பிப்பையே நிறுத்திவிட்டார்கள் என்றால் ரவுட்டரை மாற்றுங்கள். லாகின் பக்கம் மட்டும் பழசாக இருக்காது, உள்ளே இருக்கும் ஓட்டைகளும் அடைபடாமல்தான் இருக்கும்.

கேள்வி: கரண்ட் போய் வந்ததிலிருந்து சான்றிதழ் தேதி தவறு என்று வருகிறது. ரீசெட் செய்யட்டுமா?

பதில்: ரீசெட் பொத்தானைத் தொடாதீர்கள்! இணைய இணைப்பு விவரமெல்லாம் அழிந்துவிடும். உறவினர் ஒருவர் வீட்டில் இதே தொல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் ரவுட்டரின் கடிகாரம் 1970 ஜனவரி 1 என்று காட்டியது. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் கடிகாரத்துக்கு பேட்டரி இல்லை. கரண்ட் போனால் நேரமும் போய்விடும். அந்தப் பொழுதில் சான்றிதழ் உருவானால் அதில் தேதி கோணலாகிவிடும். முதலில் உங்கள் கணினியின் தேதியைச் சரிபாருங்கள், சிலருக்குக் கோளாறு அங்கேதான். அது சரியாக இருந்தால், ரவுட்டர் அமைப்பில் என்டிபி நேரத்தை (இணையத்திலிருந்து சரியான நேரத்தை எடுக்கும் வசதி) இயக்கி, சான்றிதழைப் புதிதாக உருவாக்கும் வசதி இருந்தால் அழுத்துங்கள்.

கேள்வி: கைபேசியில் பக்கமே வரவில்லை.

பதில்: மொபைல் டேட்டாவையும் விபிஎன்னையும் (வேறொரு சர்வர் வழியாக இணைக்கும் செயலி) அணைத்துவிட்டு முயலுங்கள்.

கேள்வி: ரவுட்டர் பக்கத்தில் எச்சரிக்கையைத் தாண்டிப் பழகிவிட்டேன். இப்போது வங்கித் தளத்திலும் அதேபோல் வருகிறது. தாண்டலாமா?

பதில்: கூடவே கூடாது! பொதுத் தளத்துக்கு முறையான சான்றிதழ் இருந்தே ஆக வேண்டும். கணினியின் தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், கேபிளில் ரவுட்டருக்குள் போய் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) என்ற பகுதியைப் பாருங்கள். நீங்களோ உங்கள் இணைய நிறுவனமோ போடாத எண் இருந்தால், யாரோ உங்களை வேறு இடத்துக்குத் திருப்பிவிடக்கூடும். அந்த எண்ணை நீக்கி, ஃபார்ம்வேரைப் புதுப்பித்து, நிர்வாகி பாஸ்வேர்டை மாற்றி, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணையுங்கள். அதுவரை அந்த வீட்டு இணைப்பில் வங்கிப் பக்கத்தைத் திறக்காதீர்கள்.