போர்ட்லாந்துக்குப் புதிதாக வந்தவர்கள் தார்ன்ஸ் ஆட்டத்துக்குப் போகலாமா?

அன்புத் தங்கைக்கு,

கணவரின் வேலை மாற்றத்தால் இந்த ஆண்டு ஒரெகான் மாநிலத்துப் போர்ட்லாந்தை அடுத்த ஹில்ஸ்பரோவுக்குக் குடிவந்திருப்பதாகவும், அலுவலகத்திலும் மகளின் பள்ளியிலும் யாரைப் பார்த்தாலும் தார்ன்ஸ் பெண்கள் கால்பந்து அணியைப் பற்றியே பேசுவதாகவும், கால்பந்தில் ஆனா ஆவன்னா தெரியாத குடும்பம் அங்கே போனால் ஓரமாக நிற்க வேண்டியிருக்குமோ என்று தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். பெண்கள் ஆடும் ஆட்டத்துக்கு இந்த ஊரில் ஏன் இவ்வளவு மவுசு என்பது உங்களுடைய இரண்டாவது கேள்வி. பக்கத்து ஊரான பீவர்ட்டனில் வெகுநாளாகக் குடியிருப்பவள் என்ற முறையில், தாராளமாகப் போங்கள் என்றே சொல்வேன். அந்த மவுசுக்கான காரணம் விளங்கினால் தயக்கம் பெரும்பாலும் தானாகவே விலகிவிடும் என்பதால், இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைக் கால்பந்து லீக் 2013இல் எட்டு அணிகளுடன் தொடங்கியபோது, அவற்றுள் ஒன்றாகப் பிறந்தது போர்ட்லாந்து தார்ன்ஸ். அதற்கு முன்பு இந்த நாட்டில் தொடங்கப்பட்ட இரண்டு பெண்கள் லீக்குகளும் மூன்று மூன்று ஆண்டுகளில் மூடப்பட்டிருந்ததால், புதியதும் அதே வழியில்தான் போகும் என்று பலர் எண்ணினார்கள். ஆனால் போர்ட்லாந்தில் நடந்த முதல் ஆட்டத்துக்கே பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். 2019இல் சராசரிக் கூட்டம் இருபதாயிரத்தைத் தாண்டியது. அந்த ஆகஸ்டில் நார்த் கரோலினா அணியுடன் நடந்த ஆட்டத்துக்கு 25,218 இருக்கைகளும் நிரம்பின. அந்த ஆண்டுகளில் லீக்கின் மற்ற அணிகள் பலவற்றுக்கு ஐந்தாறாயிரம் பேர் வருவதே பெரிய காரியமாக இருந்தது. 2013, 2017, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளில் தார்ன்ஸ் கோப்பையை வென்றிருக்கிறது. ஆனால் வெற்றியால் கூட்டம் வந்தது என்று சொல்ல முடியாது, முதல் கோப்பைக்கு முன்பே கூட்டம் வந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தின் வேர் ஊரின் வடக்கே, வில்லமெட் ஆற்றின் மேட்டுக்கரையில் இருக்கும் போர்ட்லாந்து பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து போர்ட்லாந்து டிம்பர்ஸ் என்ற ஆண்கள் அணிக்கு ஆட வந்து இங்கேயே தங்கிவிட்ட கிளைவ் சார்ல்ஸ் என்பவர், 1989 முதல் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடைசெய்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெண்கள் அணிகள் நாடெங்கும் முளைத்திருந்த காலம் அது. ஆனாலும் அவற்றின் ஆட்டங்களைக் காசு கொடுத்துப் பார்க்க ஓர் ஊரே திரளும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவான இருக்கைகள் கொண்ட மெர்லோ மைதானத்தில் அது நடந்தது. ஷேனன் மெக்மிலன், டிஃபனி மில்பிரெட், பின்னாளில் மேகன் ரப்பினோ ஆகியோர் அங்கே ஆடித்தான் அமெரிக்க அணிக்குப் போனார்கள். இவர்களில் மில்பிரெட் நீங்கள் இப்போது குடியிருக்கும் ஹில்ஸ்பரோவில் வளர்ந்தவர்; 1996 ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் சீனாவுக்கு எதிரான வெற்றிக் கோலை அடித்தவரும் அவரே. உங்கள் மகளுக்கு இதை மட்டுமாவது சொல்லிவையுங்கள்.

கனடாவிலிருந்து அங்கே படிக்க வந்தவர் கிறிஸ்டீன் சின்க்ளேர். 2002ஆம் ஆண்டின் தேசியக் கல்லூரி இறுதி ஆட்டத்தில் போர்ட்லாந்தின் இரண்டு கோல்களையும் அடித்து, புற்றுநோயுடன் போராடிக்கொண்டிருந்த சார்ல்ஸுக்கு முதல் கோப்பையைப் பெற்றுத் தந்தார். சார்ல்ஸ் மறு ஆண்டு காலமானார். 2005இல் ஒரே பருவத்தில் 39 கோல் அடித்து, கல்லூரிக்கு இரண்டாவது கோப்பையையும் கொண்டுவந்த சின்க்ளேர், தார்ன்ஸ் தொடங்கியபோது இந்த ஊருக்கே திரும்பி வந்தார். தார்ன்ஸின் மூன்று கோப்பைகளிலும் பங்கேற்று, 2024இல் ஓய்வுபெறும்வரை வேறு அணிக்குப் போகவில்லை. கனடாவுக்காக அவர் அடித்த 190 கோல்களை உலகில் ஆணோ பெண்ணோ வேறு எவரும் நாட்டு அணிக்காக அடித்ததில்லை. அப்படிப்பட்டவரைப் பதினெட்டு வயது மாணவியாகப் பார்த்த ஊர்க்காரர்களே நாற்பதைத் தாண்டியவராகவும் பார்த்தார்கள். இந்த ஊரில் அவர் பெயரைச் சொல்லும்போது, சொந்தத்தில் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசும் உரிமை குரலில் வந்துவிடுவதை நீங்களும் விரைவில் கவனிப்பீர்கள்.

தார்ன்ஸ் ஆடும் அரங்கத்தையும் சொல்ல வேண்டும். இன்று பிராவிடன்ஸ் பார்க் என்று வழங்கும் அரங்கம் 1926இல் கட்டப்பட்டது. அந்த மனையில் அதற்கும் முன்பு, 1893 முதலே விளையாட்டுத் திடல் இருந்திருக்கிறது. பெலேயின் கடைசி அதிகாரபூர்வ ஆட்டம் 1977இல் இங்கேதான் நடந்தது. 1999, 2003 ஆகிய இரண்டு பெண்கள் உலகக் கோப்பைகளின் ஆட்டங்களும் நடந்திருக்கின்றன. இந்நாட்டு அரங்கங்கள் பல நெடுஞ்சாலை ஓரத்தில் கார் நிறுத்தக் கடலுக்கு நடுவே நிற்க, இது கூஸ் ஹாலோ குடியிருப்பின் நடுவில், சாலை மட்டத்துக்குக் கீழே இறங்கிய பள்ளத்தில் கிடக்கிறது. பதினெட்டாம் அவென்யூவில் மேக்ஸ் என்ற நகர ரயில் அரங்கத்தை உரசிக்கொண்டு போகிறது. ஆட்ட நாளில் ரயிலிலிருந்து சிவப்புச் சட்டைகள் இறங்க, கடைத்தெருவுக்கு வந்தவர்களும் அந்த வெள்ளத்தில் கலந்துவிடுவதால், எது அரங்கம் எது ஊர் என்று பிரிக்க முடியாது.

இனி ரசிகர்கள். வடக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கும் 'ரோஸ் சிட்டி ரிவெட்டர்ஸ்' குழுவினர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொழிற்சாலைகளுக்குப் போன பெண்களின் அடையாளமான 'ரோஸி தி ரிவெட்டர்' உருவத்தைத் தங்கள் சின்னமாகக் கொண்டவர்கள். இது சுவரொட்டியில் பார்த்து எடுத்த சின்னம் என்று எண்ணிவிடாதீர்கள். போர்ட்லாந்திலும் கொலம்பியா ஆற்றுக்கு அக்கரையில் வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரிலும் இருந்த கைசர் கப்பல் கட்டும் தளங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வெல்டிங் செய்திருக்கிறார்கள். அவர்களுக்காக 1943இல் தளத்தின் வாசலிலேயே இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் குழந்தைக் காப்பகங்கள் திறக்கப்பட்டன. வேலை முடிந்து பிள்ளையை அழைத்துப் போகும் தாய், வீட்டுக்குச் சமைத்த உணவையும் அங்கேயே விலைக்கு வாங்கிச் செல்லலாம். போர் முடிந்ததும் காப்பகங்கள் மூடப்பட்டன. எண்பது ஆண்டு கழித்து இன்றைய காப்பகங்களின் கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கும் தாய்மாருக்கு என்ன தோன்றும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வடக்குப் பக்கத்தில் இருக்கை எண் கிடையாது, முந்தி வந்தவர்களுக்கு முன்வரிசை. மேடை மீது ஏறி, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தபடியே தொண்ணூறு நிமிடமும் பாட்டு எடுத்துக் கொடுக்கும் பெண்ணை உற்றுப் பாருங்கள்; கோல் விழுந்தால் அதை அவர் தம் கண்ணால் பார்ப்பதில்லை, எதிரே நிற்பவர்களின் முகத்தில்தான் பார்க்கிறார். மறுநொடி சிவப்புப் புகை கிளம்பி வரிசைகளை மூடிவிடும். கழுத்துத் துண்டுகளை இரு கையாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடிக்கும் வழக்கம் உண்டு. பக்கத்தில் நிற்பவர் உங்களுக்கும் ஒன்றைத் தந்து எப்படிப் பிடிப்பது என்று காட்டுவார். ஆட்டம் தெரியாதே என்ற கவலைக்கு அங்கே இடமில்லை. ஆஃப்சைடு என்ற விதி என்னவென்று நான் கற்றுக்கொண்டதே, பக்கத்து வரிசையில் வழக்கமாக வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடமிருந்துதான்.

இந்த உரிமை உணர்வு சோதனைக்கு உள்ளான காலத்தையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். 2015 வரை அணியில் இருந்த பயிற்சியாளர் ஒருவர் வீராங்கனைகளிடம் பாலியல் ரீதியாக அத்துமீறினார் என்ற குற்றச்சாட்டை மானா ஷிம், சினேட் ஃபாரெல்லி ஆகிய இருவரும் 2021 செப்டம்பரில் வெளிப்படையாக வைத்தார்கள். ஷிம் அப்போதே புகார் கொடுத்திருந்தும், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று மட்டும் ஊருக்கு அறிவித்து அணி அந்தப் பயிற்சியாளரை அனுப்பிவிட்டிருந்தது. அவர் இன்னோர் அணிக்குப் பயிற்சியாளராகப் போய்விட்டார். செய்தி வெளிவந்த அடுத்த வாரம் நடந்த ஆட்டத்தின் ஆறாவது நிமிடத்தில் இரு அணியினரும் பந்தை விட்டுவிட்டு நடுவட்டத்தில் கைகோத்து நின்றார்கள், நீதிக்காகக் காத்திருந்த ஆறு ஆண்டுகளைக் குறிக்க. அதன்பின் ரசிகர்கள் செய்ததுதான் எனக்கு இந்த ஊரைப் புரியவைத்தது. வீராங்கனைகளுக்காக அரங்கத்துக்கு வந்தார்கள். ஆனால் உரிமையாளருக்கு வருமானம் போகக் கூடாதென்று உள்ளே எதையும் வாங்காமல் இருக்கும்படி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பதாகை கட்டி, அணியை விற்றுவிட்டுப் போகுமாறு கேட்டார்கள். முன்னாள் அரசு வழக்கறிஞர் சாலி யேட்ஸ் 2022 அக்டோபரில் வெளியிட்ட விசாரணை அறிக்கை, அணி நிர்வாகம் விசாரணைக்குச் சரிவர ஒத்துழைக்கவில்லை என்று சொன்னபிறகு, மூத்த அதிகாரிகள் இருவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள், உரிமையாளரும் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அதே மாதக் கடைசியில் அணி தலைநகர் வாஷிங்டனில் மூன்றாவது கோப்பையை வென்றது. மகிழ்வதா வெட்கப்படுவதா என்று ஊர் திணறிய நாள்கள் அவை.

2024 ஜனவரியில் பத்தால் குடும்பத்தினர் 6.3 கோடி டாலருக்கு அணியை வாங்கினார்கள். இந்திய வம்சாவளியினர் என்பதால் நம் கடைகளில் அந்தச் செய்தி கொஞ்ச நாள் ஓடியது. அதற்காகவே அணியை நம்முடையது என்று கொண்டாடுவது எனக்கு அவ்வளவு ஒப்பவில்லை, உரிமையாளரின் பெயரை வைத்து அணியை எடைபோடக் கூடாதென்பதை மேற்சொன்ன கதையே காட்டிவிட்டது. இவர்களே போர்ட்லாந்து ஃபயர் என்ற பெண்கள் கூடைப்பந்து அணிக்கும் 2026 முதல் உரிமையாளர்கள் என்பது வேண்டுமானால் கவனிக்கத்தக்கது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அரங்கத்தில் வானவில் கொடிகளை நிறையப் பார்ப்பீர்கள். இரு தாய்மாருடன் வந்த குழந்தைகளைப் பார்ப்பீர்கள். அரசியல் வாசகங்களையும் பார்ப்பீர்கள். நம் நண்பர்கள் சிலர் இதற்காகவே பிள்ளைகளை அழைத்துப் போகத் தயங்குகிறார்கள். உங்கள் மகள் அந்தக் குழந்தைகளுடன்தான் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதால், அந்தத் தயக்கத்தில் பொருள் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பீர் குடிப்பவர்களும் வாய்விட்டுத் திட்டுபவர்களும் உண்டு, ஆனால் ஆண்கள் ஆட்டத்தைவிடக் குழந்தைகளின் எண்ணிக்கை கண்கூடாக அதிகம். டிக்கெட் கிடைக்காத நாளிலும் வெளியூர் ஆட்ட நாளிலும் நார்த்ஈஸ்ட் பிராட்வேயில் உள்ள 'ஸ்போர்ட்ஸ் பிரா' உணவகத்துக்குப் போகலாம். 2022இல் ஜென்னி நுயென் தொடங்கிய அந்த இடத்தில் எல்லாத் திரைகளிலும் பெண்களின் விளையாட்டு மட்டுமே ஓடும்.

காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒரெங்கோ நிலையத்தில் நீல வழித்தட ரயிலில் ஏறினால், மேற்கு மலையைக் குடைந்த சுரங்கப்பாதையைத் தாண்டி, கூஸ் ஹாலோவுக்கு அடுத்த நிறுத்தத்தில் அரங்கத்தின் வாசலிலேயே இறங்கலாம். பருவம் மார்ச்சிலிருந்து நவம்பர்வரை நீள்வதால், தொடக்கத்திலும் முடிவிலும் மழை நிச்சயம்; குடையை நம்பாமல் தலைமூடி வைத்த மழைச்சட்டை அணிந்து போங்கள். முதல்முறை வடக்குப் பக்கம் வேண்டாம், நின்று கால் கடுத்துப் பிள்ளை சிணுங்கினால் ஆட்டமே வெறுத்துவிடும். 2019இல் கட்டிய கிழக்கு மாடத்தில் உட்கார்ந்தால் ஆட்டத்தையும் பார்க்கலாம், வலப்பக்கம் தலையைத் திருப்பிப் பாட்டுக் கூட்டத்தையும் பார்க்கலாம். சியாட்டில் அணி வரும் நாளையும் முதல்முறைக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூன்று மணி நேரக் கார் தொலைவில் உள்ள பரம்பரை எதிரி என்பதால் கூட்டமும் டிக்கெட் விலையும் ஏறிவிடும். கோடையில் வேறு ஏதேனும் ஓர் அணி வரும் ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள்.