வர்சமே: நல்ல சேதி

அன்புள்ள ஐயா,
என் மகனோடு வர்சமே என்று ஒரு சோமாலியப் பையன் படிக்கிறான். இது அரபுப் பெயர்தானே? அவன் கடைசிப் பெயரும் அவன் அப்பாவின் கடைசிப் பெயரும் வேறு வேறாக இருக்கின்றன, அது எப்படி?
ம., டொரன்டோ

அன்புள்ள ம.,

அரபு இல்லை, அசல் சோமாலிப் பெயர். 'வர்' என்றால் சேதி, 'சமே' நல்லது என்ற பொருளில் வருவது. பெண்ணுக்கு வர்சன் என்று வைப்பார்கள். லண்டனில் வளர்ந்த கவிஞர் வர்சன் ஷைரின் பெயர் அதுதான். சோமாலியர்கள் முஸ்லிம்கள் என்பதால் முகமது, அலி மாதிரி அரபுப் பெயர்கள் அவர்களிடம் நிறைய உண்டு, உங்களுக்கு அப்படித் தோன்றியது இயல்புதான்.

சேதிக்கு ஏன் இத்தனை மதிப்பு? ஒட்டகமும் ஆடும் ஓட்டிக்கொண்டு வறண்ட நிலத்தில் அலைகிறவர்களுக்கு எங்கே மழை பெய்தது, எந்தக் கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, எந்தப் பக்கம் சண்டை என்று தெரிந்தால்தான் மந்தை பிழைக்கும், மந்தை பிழைத்தால்தான் பிள்ளைகளுக்குப் பால். இன்றும் சோமாலியில் நலம் விசாரிக்க 'இஸ்கா வர்ரன்' என்கிறார்கள், அதாவது உன் சேதியைச் சொல். அதே 'வர்'தான். பிள்ளை பிறந்ததையே நல்ல சேதி என்று பெயராக்கியிருக்கிறார்களே, எனக்கு அதில் அவ்வளவு பிரியம். மழையோடு வந்தவன் ரோப்லே, நாள் தள்ளிப் பிறந்தவன் ராகே என்றெல்லாமும் பெயர்கள் உண்டு.

அப்புறம் அந்தக் கடைசிப் பெயர். அவர்களிடம் குடும்பப் பெயரே கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அவ்வளவுதான். 2022இல் ஹர்கெய்சா நகரில் காலமான சோமாலிப் பெருங்கவிஞர் ஹத்ராவியின் முழுப் பெயர் முகமது இப்ராஹிம் வர்சமே; இதில் வர்சமே அவருடைய தாத்தா, ஹத்ராவி என்பது பட்டப்பெயர். உங்கள் மகனின் நண்பனுக்குக் கடைசியில் நிற்பது அவன் தாத்தா பெயர், அவன் அப்பாவுக்குக் கடைசியில் நிற்பது அந்தத் தாத்தாவின் அப்பா பெயர். பிறகு எப்படி ஒன்றாக இருக்கும்? தகப்பன் வழியில் தலைமுறை தலைமுறையாகப் பெயர்களைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வது அங்கே பழைய வழக்கம்.

அவனைக் கடைசிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தாத்தாவைக் கூப்பிடுவதாக ஆகிவிடும், வர்சமே என்றே உங்கள் மகன் கூப்பிடட்டும். அவன் அம்மாவையும் கணவர் பெயரோடு சேர்த்துத் திருமதி என்று எழுதாதீர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் சோமாலியப் பெண்கள் தங்கள் அப்பா பெயரைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.