கோளத்தின் கனஅளவில் 4/3 எங்கிருந்து வருகிறது?

எட்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள், கோளத்தின் கனஅளவுச் சூத்திரத்தில் 4/3 ஏன் வருகிறது என்று கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். கடலூரில் மாலை வேளையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சூத்திரத்தைத் தடங்கலின்றி ஒப்பிப்பவர்கள் நிறைய; இப்படிக் கேட்பவர்கள் அபூர்வம். "மனப்பாடம் செய்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

14 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் பந்து ஒன்றைச் சரிபாதியாக வெட்டுங்கள். கெட்டி அட்டையில் 9.9 செ.மீ. ஆரத்தில் வட்டம் வரைந்து, அதில் 255 பாகை அளவுக்கு நறுக்கிச் சுருட்டினால், ஆரமும் உயரமும் 7 செ.மீ. கொண்ட கூம்பு கிடைக்கும். ஒட்டுவதற்குக் கொஞ்சம் அட்டை கூடுதலாக விடுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் வெயிலில் காய்ந்த மேல்மணலை அள்ளி வாருங்கள். ஈர மணல் கட்டி தட்டி, அளவைக் கெடுத்துவிடும். அரைப்பந்து உருளாதபடி ஒரு சொம்பின் வாயில் அதை உட்காரவையுங்கள். மகளே கூம்பில் மணலை நிரப்பி, தலைதட்டி, பந்துக்குள் கொட்டட்டும். இரண்டாவது கூம்பு மணலில் பந்து விளிம்புவரை நிறைந்துவிடும்.

அதே ஆரமும் உயரமும் உள்ள உருளையில் மூன்றில் ஒரு பங்குதான் கூம்பு. ஆரமும் உயரமும் சமமாக இருப்பதால் அந்த உருளையின் கனஅளவு பை × ஆரம்³. இரண்டு கூம்பு சேர்ந்த அரைக்கோளம் அதில் 2/3; முழுக்கோளம் 4/3.

மணல் காட்டுவது நிரூபணம் ஆகாது. பிதாகரஸ் தேற்றம் தெரிந்திருந்தால் அடுத்த படிக்கும் போகலாம். அரைக்கோளத்தைக் கவிழ்த்து வைத்து, தரையிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் கிடையாக வெட்டினால், வெட்டுமுக வட்டத்தின் ஆரத்தின் வர்க்கம் 49 − 9 = 40; பரப்பு 40 பை. இப்போது உருளையிலிருந்து, முனை கீழே பார்த்தபடி, கூம்பைக் குடைந்து எடுத்துவிட்டதாக நினையுங்கள். அதே 3 செ.மீ. உயரத்தில் மிஞ்சும் வளையத்தின் பரப்பு 49 பை − 9 பை. அதுவும் 40 பை! எந்த உயரத்தில் வெட்டினாலும் இரண்டும் சமம். ஆகவே கனஅளவும் சமம். எனக்குப் பள்ளிக் கணக்கிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். கோளம், தன்னைக் கச்சிதமாக அடக்கும் உருளையில் (இதன் உயரம் ஆரத்தைப் போல இரு மடங்கு) 2/3 பங்கு என்பதை ஆர்க்கிமிடீஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார்.

தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் வேறிடத்தில்: ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டுவிடுவது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில் மாத்ரிமந்திரின் உள்ளே 70 செ.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் கோளம் இருக்கிறது. (மாத்ரிமந்திரையே கோளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அகலம் 36 மீட்டர், உயரம் 29 மீட்டர்தான்.) அந்தக் கண்ணாடிக்கு ஆரம் 35 என்று போட்டால் சுமார் 180 லிட்டர், அதாவது ஒன்பது தண்ணீர் கேன். 70 என்று போட்டால் எட்டு மடங்காகி, ஏறக்குறைய 72 கேன் வரும். விடையை இப்படிக் கேன் கணக்கில் ஒருமுறை சொல்லிப் பார்க்கப் பழக்குங்கள். தவறு இருந்தால் அவளுக்கே தெரிந்துவிடும்.