கரண்ட் இல்லாதபோது மின்சார ஸ்கூட்டரை இன்வெர்ட்டரில் சார்ஜ் போடலாமா?

போடலாம், அவசரத்துக்கு மட்டும். இன்வெர்ட்டர் தருவது, கரண்ட் போகும் நேரத்துக்காக பேட்டரியில் முன்பே சேர்த்து வைத்த மின்சாரம். வீட்டு இன்வெர்ட்டரில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் 1800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். ஸ்கூட்டர் பேட்டரிகள் பலவும் 3 யூனிட் பிடிக்கும். குடத்துத் தண்ணீரை அண்டாவில் ஊற்றுவது போலத்தான், நிறையாது. ஊற்றும்போது சிந்துவதும் உண்டு. 12 வோல்ட்டை 230 ஆக்கி, சார்ஜர் அதை மறுபடி மாற்றும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சூடாக வீணாகிறது. இன்வெர்ட்டரில் வழக்கமாக இருக்கும் லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரியை அடிவரை வற்றவிட்டால் அதன் ஆயுளும் குறையும். பாதியோடு நிறுத்தினால் ஸ்கூட்டருக்குச் சேர்வது முக்கால் யூனிட்டுக்குள். சுமார் 20 கிலோமீட்டர் ஓடலாம். ஆபீஸ் போய்வர பலருக்கு அது போதும்.

சார்ஜரின் பின்பக்க ஸ்டிக்கரில் எத்தனை வாட் என்று பாருங்கள். 700க்கு மேல் இருந்தால், ஃபேன், லைட்டோடு சேர்ந்து சின்ன இன்வெர்ட்டர் டிரிப் ஆகிவிடும். பேட்டரியைக் கழற்றக்கூடிய வண்டி என்றால், விலை கூடினாலும் இன்னொரு பேட்டரி வைத்துக்கொள்வதே என் கணக்கில் நல்லது.

அப்புறம், போன் பவர் பேங்க் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள்: 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் இருப்பது 74 வாட்-மணிதான், ஸ்கூட்டருக்கு மூன்று கிலோமீட்டர்கூட வராது.