பிராடோவுக்கு இரண்டு மணி நேர இலவசம் போதுமா?

கேள்வி: ஜூலையில் மூன்று நாள் மாட்ரிட் போகிறோம். நான், மனைவி, 11 வயது மகள், 68 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம் வேறு. பிராடோ அருங்காட்சியகம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இலவசம் என்று படித்தேன். அதுவே போதுமா, டிக்கெட் எடுக்க வேண்டுமா? ஓவியத்தைப் பற்றி எங்களில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பிக்காசோவின் கெர்னிகா அங்கேதானே இருக்கிறது?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கெர்னிகா பிராடோவில் இல்லை. 1992 முதல் ரெய்னா சோஃபியா என்ற இன்னொரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடோச்சா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பிராடோவிலிருந்து கால் மணி நேர நடை. பிராடோவுக்குள் போய் காவலரிடம் "கெர்னிகா எங்கே?" என்று கேட்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். ரெய்னா சோஃபியாவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. நாளைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் வைத்துவிடாதீர்கள், அம்மாவின் கால் தாங்காது.

இப்போது இலவசத்துக்கு வருவோம். திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 வரை, ஞாயிறன்று 5 முதல் 7 வரை காசில்லாமல் பார்க்கலாம். உண்மைதான். ஆனால் தர்ம தரிசன வரிசை போலத்தான் அதுவும். ஐந்து மணிக்கே கூட்டம் சேர ஆரம்பித்துவிடும், வரிசை வெட்டவெளியில் நிற்கும். ஜூலையில் மாட்ரிடில் சூரியன் மறையவே இரவு ஒன்பதே முக்கால் ஆகும். ஆக, ஐந்து மணி என்பது அங்கே நம் ஊர் மத்தியானம் மாதிரி. உள்ளே நுழைந்து, பையை ஸ்கேனரில் போட்டு, முதல் படத்துக்கு முன்னால் போய் நிற்பதற்குள் ஆறரை. மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே அறைகளைக் காலி செய்யச் சொல்லுவார்கள். மிஞ்சுவது ஒன்றேகால் மணி நேரம். நான் முதல் தடவை அப்படித்தான் போனேன். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் அறை அறையாக ஓடி, வெளியே வந்தபோது ஒரு படம்கூட மனதில் இல்லை.

டிக்கெட் எடுங்கள். பெரியவர்களுக்கு 15 யூரோ, 65 தாண்டியவர்களுக்குப் பாதி, 18 வயதுக்குக் கீழே இலவசம். உங்கள் நான்கு பேருக்கும் சேர்த்து 37.50 யூரோதான். அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்திலேயே நேரத்தோடு பதிவு செய்துகொள்ளுங்கள். நடுவில் இருக்கிற ஏஜென்ட் தளங்கள் இதே டிக்கெட்டை வரிசையில் நிற்காமல் போகலாம் என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கும். அம்மாவின் வயதுக்கு பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். காலை 10 மணிக்குத் திறக்கிறார்கள், முதல் நேரத்தையே எடுங்கள். முன்பதிவு செய்தவர்கள் ஹெரோனிமோஸ் வாசல் வழியாகப் போகலாம். நுழைந்ததும் பெரிய பைகளைப் பொருள் வைக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு, அங்கேயே சக்கர நாற்காலி கேளுங்கள். அம்மா "எனக்கெதுக்கு அதெல்லாம்" என்பார்கள். கேளுங்கள். நடப்பதைவிட நிற்பதுதான் முழங்காலைக் கொல்லும், அருங்காட்சியகத்தில் வேலையே நிற்பதுதான்.

"ஓவியம் தெரியாது" என்கிறீர்களே, அதற்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். பிராடோ ஒரு ராஜகுடும்பத்தின் வீட்டுச் சேகரிப்பு. ஸ்பெயின் அரசர்கள் மூன்று நூற்றாண்டாகத் தங்களுக்குப் பிடித்ததை வாங்கி, வரையச் சொல்லி, அரண்மனைகளில் மாட்டியிருந்தார்கள். 1819-ல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதனால் இங்கே எல்லாம் சமமாகக் கிடைக்காது. ராஜாக்களுக்குப் பிடித்த டிஷியன், ரூபன்ஸ் அறை அறையாக இருப்பார்கள். இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பக்கம் அப்போது ஸ்பெயின் ஆட்சியில் இருந்ததால் அந்த ஊர் ஓவியர்களும் உண்டு. வான் கோ போன்றவர்களைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். சுவரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கும். நீங்கள் ஐந்து பாருங்கள். மற்றதை நடந்துபோகிற வழியில் பார்த்தால் போதும்.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். உள்ளே நுழைந்ததும் நேராகக் கடைக்குப் போய், கீழே நான் சொல்லப்போகும் ஐந்து படங்களின் அஞ்சலட்டைகளை வாங்கிக்கொடுத்து, "இதையெல்லாம் கண்டுபிடி" என்று சொல்லிவிடுங்கள். வழிகாட்டி அவள்தான், நீங்கள் பின்னால் போகலாம். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஓவிய அறைகளில் புகைப்படம் எடுக்கக் கூடாது, செல்போனிலும்கூட. எடுத்தால் காவலர் பாய்ந்து வருவார். எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். படத்துக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கும் கூட்டம் இல்லாத பெரிய அருங்காட்சியகம் ஐரோப்பாவில் அபூர்வம்.

தரைத்தளத்தை முதலில் முடியுங்கள். அறை 56A-க்கு நேராகப் போங்கள், ஏனென்றால் பதினொரு மணிக்கு மேல் அங்கே எட்டிப்பார்த்துத்தான் பார்க்கவேண்டியிருக்கும். ஹிரோனிமஸ் போஷ் 1500-ஐ ஒட்டி வரைந்த மூன்று மடிப்புப் பலகை ஓவியம். இடப்பக்கம் ஏதேன் தோட்டம், நடுவில் இன்பக் களியாட்டம், வலப்பக்கம் நரகம். பிள்ளைகளை இந்தப் படத்திலிருந்து இழுத்து வருவதே கஷ்டம். இடப்பக்கத்து நீரூற்றுக்குள் உட்கார்ந்திருக்கும் ஆந்தை, ஆள் உயர ஸ்ட்ராபெரி, நரகத்தில் நடுவே கத்தி நீட்டிய ஒரு ஜோடிக் காது, உயரமான நாற்காலியில் உட்கார்ந்து மனிதனை விழுங்கும் பறவைத்தலைப் பூதம் என்று தேடச் சொல்லுங்கள். நடுப்பலகையில் எல்லோரும் பிறந்தமேனியாக இருப்பார்கள். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து நிற்கப்போகிறார்கள், முன்பே ஒரு வார்த்தை சொல்லிவைத்துவிடுங்கள். இரண்டாம் பிலிப் என்ற பக்தி முற்றிய ராஜா வாங்கித் தன் மடாலய அரண்மனையில் வைத்திருந்த படம் இது என்றும் சேர்த்துச் சொன்னால் அம்மா சமாதானமாகிவிடுவார்.

பக்கத்திலேயே அறை 58. ரோகியர் வான் டெர் வெய்டன் வரைந்த, சிலுவையிலிருந்து இயேசுவை இறக்கும் காட்சி. பிராடோவில் ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதற்குத்தான் போவேன். இயேசுவின் உடல் எப்படி வளைந்து சரிகிறதோ, அதே வளைவில் மயங்கிச் சரிகிறாள் தாய். முகங்களில் கண்ணீர்த்துளிகளைத் தனித்தனியாக எண்ணலாம். அப்புறம் மேல் மூலைகளைப் பாருங்கள், குட்டிக் குட்டி வில்கள் தெரியும். லூவன் நகரத்து வில்வீரர் சங்கம் பணம் கொடுத்து வரையச் சொன்ன படம் அது. உபயதாரர் பெயர் எழுதிய ட்யூப்லைட் நமக்குப் புதிதா என்ன!

அதே தளத்தில் ஸ்பெயின் ஓவியர் கோயா. அறை 64-ல் 1808 மே 3: லாந்தர் வெளிச்சம், கையை விரித்த வெள்ளைச் சட்டைக்காரன், முகமே தெரியாத துப்பாக்கி வரிசை. நெப்போலியன் படை மாட்ரிட் மக்களைச் சுட்டுக்கொன்ற இரவு அது, கோயா வரைந்தது 1814-ல். அறை 67-ல் அவருடைய கறுப்பு ஓவியங்கள். 46 வயதில் வந்த ஒரு நோய்க்குப் பிறகு காது முழுக்கப் போய்விட்டது. எழுபதைத் தாண்டிய கிழவர் ஊருக்கு வெளியே ஒரு வீடு வாங்கி, யாருக்கும் காட்டுவதற்காக இல்லாமல் அதன் சுவர்களில் வரைந்த 14 படங்கள். பிற்பாடு சுவரிலிருந்து பெயர்த்துத் துணிக்கு மாற்றினார்கள். பெற்ற பிள்ளையையே தின்னும் சனி பகவான் படம் இங்கேதான் இருக்கிறது. (ரோமானியர்களின் சேட்டர்ன், நம் சனீஸ்வரன் அவ்வளவு மோசமில்லை.) நீங்கள் முதலில் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிடுவதா என்று முடிவு செய்யுங்கள். ராத்திரி பயப்படுகிற பிள்ளை என்றால் விட்டுவிடலாம். கூப்பிட்டால் நாய் படத்தைக் காட்டுங்கள். படம் முழுக்க மங்கிய மஞ்சள் வெறுமை, அடியில் ஒரு நாயின் தலை மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். மூழ்குகிறதா, எட்டிப்பார்க்கிறதா என்று இன்றுவரை யாரும் முடிவு செய்யவில்லை.

இதற்குள் மணி ஒன்றாகியிருக்கும். உள்ளேயே இருக்கும் சிற்றுண்டியகத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். பிறகு லிஃப்டில் ஒரே ஒரு தளம் ஏறினால் அறை 12. அங்கே இருக்கும் லாஸ் மெனினாஸ் என்ற படத்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். காலை முழுக்க அங்கே சுற்றுலாக் குழுக்கள் குடை பிடித்த கைடுகளோடு மொய்க்கும். ஒன்றரை மணிக்கு மேல் சாப்பிடப் போய்விடுவார்கள், மூச்சு விட இடம் கிடைக்கும்.

1656-ல் அரண்மனை ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்தது. மூன்று மீட்டருக்கு மேல் உயரம். நடுவில் ஐந்து வயது இளவரசி மார்கரீட்டா, இரு பக்கமும் தோழிகள், கீழே தூங்கி வழியும் நாய், அதை உதைக்கிற ஒரு பொடியன். இடது ஓரத்தில் தூரிகையோடு நிற்பது ஓவியரேதான். பின்சுவரில் ஒரு சின்னக் கண்ணாடி, அதில் ராஜா நான்காம் பிலிப்பும் ராணி மரியானாவும். அப்படியென்றால் அவர்கள் நிற்கும் இடம் எது? நீங்கள் நிற்கிற இடம்தான். இதை மகளுக்கு நீங்கள் சொல்லாதீர்கள், அவளாகக் கண்டுபிடிக்கட்டும். முதலில் கிட்டே போய் இளவரசியின் கவுனைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வெள்ளையும் சாம்பலும் தீற்றிவிட்ட மாதிரி இருக்கும். அப்படியே பின்னால் நடந்து வந்தால், ஏழெட்டு அடியில் அந்தத் தீற்றல் எல்லாம் பட்டாகவும் லேஸாகவும் மாறும். எங்கே மாறுகிறது என்று அடி எண்ணிப் பார்ப்பது நல்ல விளையாட்டு.

அம்மாவுக்கான கதை வேறு. அந்தக் கண்ணாடி ஜோடியில் ராணி, ராஜாவின் சொந்தத் தங்கை மகள். ராஜாவின் மகனுக்கு நிச்சயித்த பெண். மகன் இறந்துபோக, அப்பாவே கட்டிக்கொண்டார். முன்னால் நிற்கிற இந்தக் குட்டிப்பெண்ணையும் பின்னால் தாய்மாமனுக்கே கொடுத்தார்கள், வியன்னாவில் இருந்த லியோபோல்டுக்கு. 21 வயதில் இறந்துபோனாள். உறவு விட்டுப்போகக் கூடாதென்று உள்ளுக்குள்ளேயே கட்டிக் கட்டி, நோஞ்சானாகப் பிறந்த தம்பியோடு 1700-ல் ஸ்பெயினில் அந்த வம்சமே முடிந்தது. மாமன் முறை, மச்சான் முறை தெரிந்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தப் படத்தை விளக்க வேறு எந்தக் கலை வரலாறும் தேவையில்லை. இளவரசிக்குத் தோழி நீட்டுகிற அந்தச் சிவப்பு மண் குவளையையும் காட்டுங்கள். வாசனையுள்ள மண்ணில் செய்தது. அந்தக் காலத்து ஸ்பெயின் சீமாட்டிகள் அதில் தண்ணீர் குடித்துவிட்டுக் குவளையையும் கொறித்துத் தின்பார்களாம். மாசமாக இருக்கும்போது சாம்பல் தின்ற கதை எந்தப் பாட்டியிடமும் ஒன்று இருக்கும்.

ஐந்தும் முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு" என்று தோன்றும்போதுதான் எல்லோரும் இன்னும் இருபது அறை சுற்றிக் குடும்பச் சண்டையில் முடிக்கிறார்கள்.

சாப்பாடு. மாட்ரிடில் மதிய உணவே இரண்டு மணிக்குத்தான் சூடு பிடிக்கும், அதனால் உங்கள் நேரம் சரியாக இருக்கும். சைவம் என்று பொதுவாகச் சொல்லாமல் "சின் கார்னே, சின் பெஸ்காதோ" என்று சொல்லுங்கள்: கறி வேண்டாம், மீன் வேண்டாம். சாலட் கேட்டால் மேலே சூரை மீன் தூவி வரும், காய்கறிக் குழம்பில் பன்றித் தொடைக்கறித் துணுக்கு கிடக்கும். உருளைக்கிழங்கு தோர்த்தியாவில் முட்டை உண்டு. வறுத்த பாத்ரோன் மிளகாய், தக்காளி தேய்த்த ரொட்டி, குளிர்ந்த கஸ்பாச்சோ சூப் மூன்றும் பெரும்பாலும் வம்பில்லாதவை. அம்மாவுக்குச் சோறுதான் வேண்டுமென்றால் டாக்ஸி பிடித்து லவாபியெஸ் பகுதிக்குப் போங்கள், இந்திய உணவகங்கள் வரிசையாக இருக்கும். மெட்ரோவில் போனால் பை முன்பக்கம் இருக்கட்டும், ஜேப்படி அதிகம்.

சரி, அந்த இலவச நேரம்? அதை ஊர் திரும்புவதற்கு முந்தின சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவும் மனைவியும் பின்னால் இருக்கும் ரெட்டிரோ பூங்காவில் மர நிழலில் உட்காரட்டும். மகளிடம் அஞ்சலட்டைகளைக் கொடுத்து, திரும்பப் பார்க்க ஒன்றை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். நீங்களும் அவளும் ஏழு மணி வாக்கில் (ஞாயிறென்றால் ஆறு) போனால் வரிசை கரைந்திருக்கும், ஒரே படத்துக்கு முன்னால் இருபது நிமிடம் நின்றுவிட்டு வரலாம். என் ஊகம், அவள் ஆந்தை இருக்கிற அட்டையைத்தான் எடுப்பாள்.