18 புள்ளியும் வேதியியல் ஐந்தும்

கேள்வி: உயர்நிலை 4 படிக்கிறேன். பள்ளியின் முன்னோட்டத் தேர்வில் 18 புள்ளி. பாலிடெக்னிக்கில் வடிவமைப்பு படிக்க ஆசை. அம்மாவோ ஜேசி (தொடக்கக் கல்லூரி), பிறகு டாக்டர் என்கிறார். தமிழில் ஏ1 வாங்கினாலும் அவர் விரல் போய் நிற்பது வேதியியல் சி5-இல்தான். அடுத்து பெரியம்மா மகளோடு ஒப்பிட்டுப் பேச்சு. ‘நார்மல் பிரிவுல படிச்சு நான் பட்டது போதும்’ என்பார் அம்மா. இப்போதெல்லாம் நான் வாயே திறப்பதில்லை. (சிங்கப்பூர், ஈசூன் வாசகி)

பதில்: முதலில் கணக்கைப் பார். ஏ1 என்றால் 1 புள்ளி, சி5 என்றால் 5; கூட்டல் குறையக் குறைய நல்லது. உன் 18, ஜேசிக்கான ஆறு பாடக் கூட்டல்: ஆங்கிலம் 3, மானுடவியல் (வரலாறு, புவியியல் போன்றவை) 4, கணிதம் 3, வேதியியல் 5, தமிழ் 1, வடிவமைப்பும் தொழில்நுட்பமும் 2. பாலிடெக்னிக்குக்கு ஐந்து பாடம்தான். வடிவமைப்புப் படிப்புக்கு ஆங்கிலம், கணிதம், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் ஆகியவற்றோடு, மீதியில் உன் சிறந்த இரண்டு பாடங்களான தமிழையும் மானுடவியலையும் சேர்த்தால் 13. அம்மா விரல் வைக்கும் அந்த ஐந்து இந்தக் கூட்டலில் வரவே வராது. இணைப்பாட நடவடிக்கையில் உயர்ந்த நிலை கிடைத்தால் இன்னும் 2 கழியும்.

ஜேசிக்கு 20-க்குள் வேண்டும். உனக்குத் தகுதி உண்டு. ஆனால் பெயர்பெற்ற ஜேசிகள் ஒற்றை இலக்கத்திலேயே நிரம்பிவிடும். மருத்துவத்துக்கோ ஏ நிலையில் (ஜேசி இறுதித் தேர்வில்) எச்2, அதாவது விரிவான நிலை வேதியியல் கட்டாயம். உனக்கு ஆகாத அதே பாடம்!

அம்மா சும்மா பிடிவாதம் பிடிக்கவில்லை. அவர் காலத்தில் எக்ஸ்பிரஸ், நார்மல் என்று எந்த ஸ்ட்ரீமில் போட்டார்களோ அதுவே பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. 2024-இல் உயர்நிலை 1 சேர்ந்தவர்களுக்கு அந்தப் பிரிவினையே இல்லை. உன் பேட்ச்தான் கடைசி. பாலிடெக்னிக் டிப்ளோமாவோடு என்யுஎஸ், என்டியு பல்கலைக்கழகங்களுக்குப் போகலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் அவர் மனம் இன்னும் அதை நம்பவில்லை.

நீ பேசாமல் இருப்பதால் நிலைமை மோசமாகிறது. அறைக்கதவு மூடியிருந்தால் ‘படிக்கவில்லை’ என்றுதான் அம்மாவுக்குத் தோன்றும். அடிக்கடி வந்து திறப்பார். தாள் திரும்பி வந்த மாலையில் பேசாதே, பெரியம்மா வீட்டுக்குப் போய்வந்த இரவிலும் வேண்டாம். ஞாயிறு காலை பசியாறிய பிறகு, இருபது நிமிடம் போதும். இரண்டு கூட்டலையும் ஒரே தாளில் எழுதி அவர் முன்னால் வை. ‘நீங்க எப்பவும்...’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ‘அம்மா, டாக்டருக்கு வேதியியல் வேணும். எனக்கு அது வரல. அதான் பயமா இருக்கு’ என்று சொல். அப்பாவை நீதிபதியாக்காதே, யார் பக்கம் தீர்ப்பு வந்தாலும் தோற்றவர் மறுநாளே பழையபடி தொடங்குவார்.

வெறுங்கையோடும் போகாதே. சாதாரண நிலை (ஓ நிலை)த் தேர்வு வரை வாரம் இரண்டு பழைய வேதியியல் தாள், கடிகாரம் வைத்து எழுதுவதாகச் சொல், எழுதவும் செய். சி5, பி3 ஆனால் 18, 16 ஆகும். ஜேசிக் கதவும் திறந்திருக்கும். ‘மார்க் கேட்பது வாரம் ஒரு நாள், பெரியம்மா மகள் பேச்சு கிடையாது’ என்று பதிலுக்கு நீயும் கேள். கூடுதலாக எதுவும் கேட்காதே.

முதல் முறை அழுகையிலோ கத்தலிலோ முடியலாம். அடுத்த ஞாயிறு அதே தாளோடு மறுபடி உட்கார். அதற்கும் மசியாவிட்டால் பள்ளியின் கல்வி, வாழ்க்கைத்தொழில் வழிகாட்டி ஆலோசகரிடம் அம்மாவையும் அழைத்துப் போ. மகள் சொன்னால் ஏறாத எண், மேசைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தால் ஏறும். தூக்கமோ சாப்பாடோ கெட்டால், அல்லது வாழவே பிடிக்காமல் போனால், பள்ளி ஆலோசகரிடம் உடனே சொல். 1767 என்ற உதவி எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள்.

தேர்வு முடிவு வந்ததும் விண்ணப்பிக்கச் சில நாள்தான் கிடைக்கும். மொத்தம் 12 தெரிவு. ஜேசியும் பாலிடெக்னிக்கும் கலந்து போடலாம். ‘ஆளுக்கு ஆறு’ என்று பங்கு பிரித்து ஏமாந்துவிடாதே. மேலிருந்து கீழாகத்தான் பார்ப்பார்கள். முதல் தெரிவு கிடைத்துவிட்டால் மற்ற பதினொன்றையும் யாரும் பார்க்கப்போவதில்லை. முதல் வரியில் எது என்பதை ஆண்டு முடிவதற்குள் அம்மாவோடு உட்கார்ந்து பேசி முடித்துவிடு.