முறை வைத்துப் பிரித்தால் போதுமா? ஹெல்ப்டெஸ்க் டிக்கெட்டுகளைத் தானாக ஒதுக்குவது எப்படி

கேள்வி: வணக்கம் சார். காலணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். தலைமை அலுவலகம் வேலூரில், ஆலைகள் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூரில். என் கீழே ஏழு பேர் வேலை செய்கிறார்கள். கணினிப் பிரச்சினை என்று ஊழியர்கள் ஹெல்ப்டெஸ்க் மென்பொருளில் பதியும் புகார்கள், அதாவது டிக்கெட்டுகள், ஒரு நாளைக்கு 40 வரை வரும். இதுவரை ஒவ்வொன்றையும் நானே படித்துப் பார்த்து ஆளுக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தேன். நான் ஒரு நாள் லீவு போட்டால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். அதனால் போன மாதம் ரவுண்ட் ராபின், அதாவது ஆளுக்கொன்றாகச் சுழற்சியில் தானாகக் கொடுக்கும் முறையைப் போட்டுவிட்டேன். இப்போது ஆம்பூரில் இருக்கும் பையனுக்கு ராணிப்பேட்டை பிரிண்டர் போகிறது. ஈஆர்பி (கணக்கு, இருப்பு, ஆர்டர் எல்லாம் ஓடும் நிறுவன மென்பொருள்) தெரியாதவருக்கு ஈஆர்பி டிக்கெட் போகிறது. ஆட்கள் ஒருவர் மாற்றி ஒருவருக்குத் தள்ளிவிடுகிறார்கள். பேசாமல் பழையபடி கையாலேயே ஒதுக்கிவிடலாமா?
— வாசகர், சத்துவாச்சாரி

பதில்: பழையபடி போக வேண்டாம் சார். நாற்பது டிக்கெட்டையும் ஒரே ஆள் படித்துப் பிரிக்கும் முறையில், அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று ஆலைகளுக்கும் காய்ச்சல் வரும். தானாக ஒதுக்கும் வசதியைக் கைவிடாதீர்கள். அதை வைத்த இடத்தை மட்டும் மாற்ற வேண்டும்.

ரவுண்ட் ராபினுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: கடைசியாக யாருக்குக் கொடுத்தோம், அடுத்த முறை யாருடையது. டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது, அந்த ஆள் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார், அவர் கையில் ஏற்கெனவே எத்தனை வேலை கிடக்கிறது என்பதையெல்லாம் அது பார்க்காது. வரும் வேலை எதுவானாலும் குழுவில் உள்ள எவரும் செய்துவிடலாம் என்ற நிலையில் அது அருமையாக ஓடும். உங்கள் ஏழு பேர் அப்படி இல்லையே. ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் இடையே 70 கிலோமீட்டருக்கு மேல். டோனர் மாட்டுவதற்காக அவ்வளவு தூரம் யாரும் வண்டி எடுத்துக்கொண்டு வர மாட்டார்கள்; அடுத்தவருக்குத் தள்ளத்தான் செய்வார்கள். அவர்கள் தள்ளியதை நான் தவறாகவே நினைக்கவில்லை.

நம் ஊர் சி.எம்.சி. மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். சீட்டு போடும் கவுன்டரில், வரிசையில் நிற்பவர்களை இருக்கிற டாக்டர்களுக்கு முறை வைத்துப் பிரித்துக் கொடுப்பதில்லை. முதலில் எந்தத் துறை, பிறகு அதில் எந்த யூனிட், அதன் பிறகுதான் எந்த டாக்டர். எலும்பு முறிவோடு வந்தவர் கண் டாக்டரிடம் போய் நிற்பதில்லை. டிக்கெட்டும் இதே வழியில்தான் போக வேண்டும். முதலில் குழு, பிறகு ஆள். குழுவைத் தேர்வு செய்ய விதிகள். குழுவுக்குள் ஆளைத் தேர்வு செய்யத்தான் சுழற்சி. நீங்கள் ஏழு பேரையும் ஒரே குழுவாக வைத்துச் சுழற்சியைப் போட்டதுதான் எல்லாத் தொல்லைக்கும் வேர்.

சரி, எத்தனை குழு? உட்கார்ந்து யோசித்துப் பிரிக்காதீர்கள். கடந்த இரண்டு மாதத்தில் மூடிய டிக்கெட்டுகளை எக்செலில் இறக்கிக்கொள்ளுங்கள். மூன்று விவரம் போதும்: எந்த ஆலை, என்ன பிரச்சினை, யார் முடித்தார். முதலில் யாருக்குப் போனது என்பதை விட்டுவிடுங்கள். யார் கையில் முடிந்தது என்பதில்தான் உண்மை இருக்கிறது. அப்படிப் பார்க்கும்போது உங்கள் ஆட்கள் ஏற்கெனவே சொல்லாமலே வகுத்துக்கொண்ட பிரிவுகள் தெரிந்துவிடும். என் கணிப்பில் உங்களுக்கு நான்குக்கு மேல் குழு வேண்டியிருக்காது: ஆம்பூர் நேரடி வேலை, ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் சேர்ந்த நேரடி வேலை (பக்கத்துப் பக்கத்து ஊர்தானே), ஈஆர்பி, பிறகு நெட்வொர்க்கும் சிசிடிவியும். ஒருவர் இரண்டு குழுவில் இருக்கலாம், தடையில்லை. ஆனால் எந்தக் குழுவிலும் ஒரே ஒரு பெயர் மட்டும் இருக்கக் கூடாது. ஈஆர்பி தெரிந்தவர் ஒருவர்தான் என்றால், இரண்டாவது ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். அந்தக் குறையை எந்த மென்பொருளும் தீர்த்துவைக்காது.

இனி, விதி எதை வைத்து முடிவெடுக்கும்? டிக்கெட்டில் உள்ள தகவலை வைத்து. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தலைப்பில் ‘பிரிண்டர்’ என்ற சொல் வந்தால் இன்னாருக்கு அனுப்பு என்று சொல்லை வைத்து விதி எழுதுவார்கள். நம் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். அதிலும் ஆளுக்கு ஓர் எழுத்துக்கூட்டு. ‘பிரிண்ட் வரல’ என்று ஒருவர், ‘பேப்பர் மாட்டிக்கிச்சு’ என்று இன்னொருவர், ‘அர்ஜென்ட் சார்’ என்று மட்டும் மூன்றாமவர். ஈஆர்பியிலிருந்து இன்வாய்ஸ் பிரிண்ட் ஆகவில்லை என்றால் அது பிரிண்டர் வேலையா, ஈஆர்பி வேலையா? சொல்லை மட்டும் பார்க்கும் விதிக்கு அது தெரியாது. அதனால் டிக்கெட் போடும் படிவத்தில் இரண்டே இரண்டு பட்டியல்களைக் கட்டாயமாக வையுங்கள்: எந்த ஆலை, என்ன வகை வேலை. வகைப் பட்டியலில் எட்டுக்கு மேல் வேண்டாம். முப்பது வகை கொடுத்தால் தையல் பிரிவு சூப்பர்வைசர் கடைசியில் இருக்கும் ‘மற்றவை’யைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அவர் மேல் தப்பில்லை, ஓடும் லைனை விட்டுவிட்டு வந்து தட்டுகிறார்.

இடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டை மாவட்டம், ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். அதற்கு முன் எழுதிய கணினிப் பட்டியல் உங்களிடம் இருந்தால், எல்லாவற்றுக்கும் ‘வேலூர்’ என்றே போட்டிருக்கும். அந்தப் பட்டியலை ஹெல்ப்டெஸ்க்கில் ஏற்றி, மாவட்டத்தை வைத்து விதி எழுதினால் எல்லாம் ஒரே குழுவுக்குப் போய்ச் சேரும். மாவட்டத்தை விட்டுவிட்டு ஆலையின் பெயரையே இடமாக வையுங்கள்.

விதிகளின் வரிசையும் முக்கியம். பெரும்பாலான மென்பொருள்கள் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வரும். குறிப்பான விதி மேலே, பொதுவான விதி கீழே. ‘வகை ஈஆர்பி என்றால் ஈஆர்பி குழு’ என்பது மேலே இருக்க வேண்டும். ‘ஆலை ஆம்பூர் என்றால் ஆம்பூர் குழு’ அதற்குக் கீழே. தலைகீழாக வைத்தால் ஆம்பூரிலிருந்து வரும் ஈஆர்பி டிக்கெட் எல்லாம் கேபிள் மாட்டுகிறவரிடம் போகும். முதல் பொருத்தம் கிடைத்ததும் நிறுத்திக்கொள்கிறதா, தொடர்ந்து அடுத்த விதிகளையும் ஓட்டுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஓஎஸ்டிக்கெட் என்ற ஹெல்ப்டெஸ்க் மென்பொருளில் ஒவ்வொரு ஃபில்டரிலும் (விதியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) இதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் மேலே எழுதியதைக் கீழே இருக்கும் விதி அழித்து எழுதிவிடும்.

குழு சரியான பிறகுதான் நீங்கள் கேட்ட ரவுண்ட் ராபின். இரண்டு வழி உண்டு: வரிசை மாறாமல் சுற்றுவது, அல்லது கையில் குறைவாக இருப்பவருக்குக் கொடுப்பது. டோனர், பாஸ்வேர்டு போன்ற சிறு வேலைகளுக்கு வெறும் சுழற்சியே போதும். ஈஆர்பி மாதிரி ஒரு டிக்கெட் பத்து நிமிடம், இன்னொன்று இரண்டு நாள் என்று இருக்கும் இடத்தில் சுமை பார்த்துக் கொடுப்பதுதான் நியாயம். அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. உதிரிப் பாகம் வரட்டும் என்று காத்திருக்கும் டிக்கெட்டும் சுமைக் கணக்கில் சேர்கிறதா? சேர்ந்தால், ஐந்து மதர்போர்டுக்காகக் காத்திருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மென்பொருள் அவரை மூழ்கிப்போனவராக நினைத்து அடுத்தவர் தலையில் கட்டும். ‘காத்திருப்பு’ என்று தனி நிலை வைத்து, அதைக் கணக்கிலிருந்து விலக்க முடிகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது. இதைச் சொந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒருவர் தங்கை கல்யாணத்துக்குக் குடியாத்தம் போய்விட்டார். லீவு விண்ணப்பம் எல்லாம் சரியாகத்தான் கொடுத்திருந்தார். ஆனால் ஹெல்ப்டெஸ்க்கில் அவர் பெயர் ‘இருக்கிறார்’ என்றே இருந்தது. மூன்று நாள் அவர் பெயரில் 11 டிக்கெட் சேர்ந்துவிட்டது. அதில் ஒன்று பில்லிங் கவுன்டர் பிரிண்டர். ஒதுக்கப்படாத பட்டியலில் எதுவும் இல்லை என்பதால் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அந்த நாளிலிருந்து சொல்கிறேன்: ஆளில்லாத பெயருக்குப் போன டிக்கெட், யாருக்கும் போகாத டிக்கெட்டைவிட மோசம், ஏனென்றால் அதை யாரும் தேட மாட்டார்கள்.

அதனால் லீவு போடுபவர் ஹெல்ப்டெஸ்க்கிலும் தன் நிலையை மாற்ற வேண்டும் என்பது எழுதப்பட்ட விதியாக இருக்கட்டும். அவர் மறந்தால் மாற்றும் பொறுப்பு இன்னொருவருக்கு. ஷிப்ட் நேரத்தையும் ஏற்றுங்கள். உங்கள் ஆம்பூர், மேல்விஷாரம் ஆட்களில் பலர் வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகைக்குப் போவார்கள். அந்த நேரத்தில் சுழற்சி அவர்களைத் தாண்டிப் போக வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும், ஒதுக்கிய டிக்கெட்டை 30 நிமிடத்தில் யாரும் தொடவில்லை என்றால் குழு முழுவதற்கும் தகவல் போகும்படி ஒரு விதி எழுதுங்கள். ஒருவர் பெயரில் விழுந்தது வேறு, அவர் கையில் எடுத்தது வேறு.

மூடிய டிக்கெட் திரும்பத் திறந்தால் அது சுழற்சிக்குள் போகவே கூடாது. முன்பு பார்த்தவருக்கே போக வேண்டும், அவர் லீவில் இருந்தால் மட்டும் குழுவுக்கு. பழைய நோயாளி அதே யூனிட்டுக்குத் திரும்புகிற மாதிரிதான் இதுவும்.

இன்னொன்று, எவரும் முன்கூட்டி யோசிக்காதது. ராணிப்பேட்டை ஆலையில் இணைய இணைப்பு அறுந்தது என்று வையுங்கள். ஐந்து நிமிடத்தில் 12 பேர் மொபைலில் இருந்து 12 டிக்கெட் போடுவார்கள். சிலர் ஈஆர்பி என்று போடுவார்கள், சிலர் மெயில் என்று, சிலர் நெட் என்று. உங்கள் விதிகள் ஒழுங்காக வேலை செய்யும். அதனாலேயே மூன்று குழுக்களில் ஐந்து பேர் ஒரே கேபிளைத் தனித்தனியாகத் தேட ஆரம்பிப்பார்கள். இதைத் தடுப்பதற்கு மனிதர்தான் வேண்டும். தினமும் ஒருவர், முறை வைத்து, வரும் டிக்கெட்டுகளின் மேல் ஒரு கண் வைத்திருக்கட்டும். அவர் 12-ஐயும் ஒரு தாய் டிக்கெட்டின் கீழ் இணைத்து, ஒருவரிடம் கொடுத்து, மற்றவர்களுக்கு ஒரே பதிலைப் போடுவார். எந்த விதியிலும் பொருந்தாமல் மிஞ்சுகிற டிக்கெட்டுகளும் அன்றைய அந்த ஆளிடமே போகட்டும். இதுவரை நீங்கள் ஒருவரே தினமும் செய்த வேலை இனி ஏழு பேருக்கும் வாரம் ஒரு நாள், அதுவும் நாற்பதில் சிலவற்றுக்கு மட்டும். லைன் நின்றுபோகும் அளவு பிரச்சினை என்றால் டிக்கெட் போட்டுவிட்டுப் போனும் செய்யச் சொல்லுங்கள்.

எந்த மென்பொருள் என்று நீங்கள் எழுதவில்லை. சென்னையில் 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க்கில் சுழற்சி, சுமை, திறன் மூன்றையும் வைத்து ஒதுக்கலாம், ஆனால் எந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜோஹோவின் மேனேஜ்என்ஜின் சர்வீஸ்டெஸ்க் பிளஸ்ஸில் சுழற்சியும் சுமையும் உண்டு. செலவில்லாமல் வேண்டுமென்றால் ஜிஎல்பிஐ உங்களைப் போன்ற ஆலைக்கு நன்றாகப் பொருந்தும் என்பது என் கருத்து. அதில் ஒவ்வொரு கணினிக்கும் பிரிண்டருக்கும் பொறுப்பாளர் யார் என்று பதிந்து வைக்கலாம். டிக்கெட்டில் அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தால் பொறுப்பாளர் பெயருக்கே போய்விடும்படி அமைக்கலாம். ஆலை வேலையில் பாதி பொருள் சம்பந்தப்பட்டதுதானே.

ஆட்களிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இனி எண்ணிக்கை சமமாக இருக்காது. ஆம்பூர் பையன் ஒரு நாளைக்கு நான்குதான் முடித்திருப்பார், நான்கும் ஆலைக்குள் நடந்து போய்ச் செய்ததாக இருக்கும். பாஸ்வேர்டு மாற்றிக் கொடுப்பவர் பதினைந்து முடித்திருப்பார். எண்ணிக்கையை வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டும் பழக்கம் இருந்தால் இன்றே கிழித்துவிடுங்கள். சுலபமானதைப் பொறுக்கி எடுக்கும் பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது. நீங்கள் பார்க்க வேண்டிய எண் வேறு: ஒரு டிக்கெட் எத்தனை கை மாறியது. கை மாற்றும்போது காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: இடம் தவறு, வகை தவறு, ஆள் இல்லை. இந்த மூன்று போதும். இடம் தவறு என்று நிறைய வந்தால் படிவத்தில் கோளாறு. வகை தவறு என்றால் விதியின் வரிசையைப் பாருங்கள். ஆள் இல்லை என்றால் லீவு பதிவில் ஓட்டை.

இப்போது ஓடும் ஏழு பேர் சுழற்சியை இன்று மாலையே நிறுத்துங்கள். இரண்டு வாரம் விதிகள் குழுவுக்கு மட்டும் அனுப்பட்டும். குழுவுக்குள் ஆளை நீங்களோ மூத்தவரோ கையால் ஒதுக்குங்கள். குழு சரியாக விழுகிறது என்று தெரிந்த பிறகு குழுக்களுக்குள் சுழற்சியைத் திறந்துவிடுங்கள். அப்புறம் ஏதாவது ஒரு புதன்கிழமை லீவு போடுங்கள், உண்மையான லீவு, லேப்டாப் வீட்டுப் பெட்டியில். வியாழக்கிழமை காலையில் வந்ததும் இரண்டு பட்டியல்களைப் பாருங்கள்: ஒதுக்கப்படாமல் கிடப்பவை, இரண்டுக்கு மேல் கை மாறியவை. அடுத்து எழுத வேண்டிய விதிகள் அந்தப் பட்டியல்களில்தான் இருக்கும்.